மாரியோ டென்னிஸ் ஏஸஸ்: கதையில் ராக்கெட் உடைந்துகொண்டே இருக்கிறது, என்ன தவறு?

இளவேனில்:

வணக்கம் நண்பர்களே. நின்டென்டோ ஸ்விட்ச்சில் மாரியோ டென்னிஸ் ஏஸஸ், அட்வெஞ்சர் மோட். பிரான்ஹா காடு முடிந்து மிராஜ் மாளிகை வரைக்கும் வந்தாச்சு. இங்கே மேட்ச்களில் மூன்று பிரச்சினை:

1. எதிராளி ஸோன் ஷாட் (எம்பிப் பாய்ந்து குறி பார்த்து அடிக்கும் வேகமான அடி) அடிக்கும்போது பந்துக்கு நேராகத்தான் நிற்கிறேன், பட்டனும் அழுத்துகிறேன். ஆனாலும் ராக்கெட்டில் விரிசல் விழுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் உடைந்துவிடுகிறது. பாயின்ட்டில் முன்னிலையில் இருக்கும்போதே கே.ஓ. ஆகித் தோற்கிறேன்.

2. ஆர் பட்டனை அழுத்தினால் சில நேரம் ஸோன் ஷாட் வருகிறது, சில நேரம் வெறுமனே எல்லாம் மெதுவாகிறது. ஏன் என்று புரியவில்லை.

3. ஸோன் ஷாட்டில் குறி பார்க்கும்போது அந்த வட்டம் தானாகவே வலது பக்கம் நகர்கிறது.

டிவியில் இணைத்து, ஜாய்-கான் (ஸ்விட்ச்சின் கழற்றக்கூடிய கன்ட்ரோலர்) இரண்டையும் கிரிப்பில் மாட்டி ஆடுகிறேன். கேம் அப்டேட் எல்லாம் போட்டாச்சு. லெவல் ஏற்றினால் சரியாகுமா, இல்லை வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கடலோடி:

லெவல் ஏற்றலாம், தப்பில்லை. தோற்ற ஆட்டத்துக்கும் அனுபவப் புள்ளி வரும். முடித்த சவால்களைத் திரும்ப ஆடினாலும் வரும். ஆனால் லெவல் கூடினால் உயர்வது பந்தின் வேகம், ஓட்டம், சுறுசுறுப்பு இவைதான். ஸோன் ஷாட்டைத் தடுத்துத் திருப்பும், அதாவது ப்ளாக் பண்ணும் நேரத்தை லெவல் சரிசெய்யாது. உங்கள் முதல் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

தச்சன்:

இளவேனில், உங்கள் முதல் இரண்டு பிரச்சினைகளுக்கும் வேர் ஒன்றுதான். எனர்ஜி மீட்டரை (ஸோன் ஷாட்டுக்கும் நேரத்தை மெதுவாக்கவும் செலவாகும் சக்தியின் அளவு) எங்கே செலவழிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஆர் பட்டனுக்கு இரண்டு வேலை. மைதானத்தில் நட்சத்திரக் குறி தோன்றி, நீங்கள் அதன் மேல் நின்று, மீட்டரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருந்தால் ஆர் அழுத்தும்போது மாரியோ எம்பிப் பாய்வார். அது ஸோன் ஷாட். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆர் வெறும் ஸோன் ஸ்பீடாக மாறிவிடும், அதாவது பிடித்திருக்கும் வரை நேரம் மெதுவாகும். உங்களுக்கு 'சில நேரம் வருது, சில நேரம் வரலை' என்று தோன்றுவது இதனால்தான். பெரும்பாலும் நட்சத்திரத்தின் ஓரத்தில் நின்றிருப்பீர்கள்.

இப்போது செலவுக் கணக்கு. ஸோன் ஷாட்டில் குறி பார்க்கும் நேரம் முழுக்க மீட்டர் வடிந்துகொண்டே இருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் சரியான இடம் தேடி வட்டத்தை அங்கும் இங்கும் நகர்த்தினால், அடித்து முடிக்கும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. எதிராளி அதை ப்ளாக் பண்ணித் திருப்பிவிட்டு, அடுத்து அவன் ஸோன் ஷாட் அடிப்பான். அந்த நேரத்தில் உங்களிடம் மீட்டர் காலி, ஸோன் ஸ்பீடு கிடையாது, முழு வேகத்தில் வரும் பந்தை ப்ளாக் பண்ணியாக வேண்டும். விரிசல் விழுவது அங்கேதான்.

ஆகவே முறையை மாற்றுங்கள். எதிராளியின் மீட்டர் பாதிக்கு மேல் இருக்கும்போது உங்கள் மீட்டரில் ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். அவன் எம்பியதும் நடுப்பக்கமாக நகருங்கள். பந்து கிளம்பியதும் ஆர் பிடித்து நேரத்தை மெதுவாக்குங்கள், பந்துக்கு நேரே வந்து நில்லுங்கள், பந்து ராக்கெட்டைத் தொடும் கணத்தில் மட்டும் ஷாட் பட்டனை ஒரே ஒரு தட்டு. ஏ, பி, ஒய் எதுவானாலும் பரவாயில்லை. சரியாகப் பட்டால் ராக்கெட்டுக்குச் சேதமே இல்லை. அவசரப்பட்டாலும் தாமதித்தாலும் விரிசல்.

பழக்கதோஷத்தில் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. சாதாரண ராலியில் (பந்தை மாறி மாறி அடிக்கும்போது) சார்ஜ் ஷாட்டுக்காகப் பட்டனை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு நிற்போம் இல்லையா, அதையே ஸோன் ஷாட் வரும்போதும் செய்வது. அது சீக்கிரம் அழுத்தியதாகவே கணக்காகும். விரலைப் பட்டனிலிருந்து முழுக்க எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வெண்ணிலா:

தச்சன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இது இன்னும் முக்கியமாகப் படுகிறது. எல்லாப் பந்தையும் தொட வேண்டியதில்லை. ராக்கெட்டில் ஏற்கெனவே விரிசல், கையில் அது கடைசி ராக்கெட், மீட்டரும் காலி என்றால் ஸோன் ஷாட்டை விட்டுவிடுங்கள். போவது ஒரு பாயின்ட். தொட்டுத் தவறினால் மேட்சே போகும். நீங்கள் முன்னிலையில் இருந்தும் தோற்பதாகச் சொல்வது இதைச் செய்யாததால்தான்.

எல் பட்டனில் வரும் ஸ்பெஷல் ஷாட்டுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். மீட்டர் முழுதாக நிரம்பினால்தான் அதை அடிக்க முடியும், அடிக்க நட்சத்திரமும் தேவையில்லை. அதை ப்ளாக் பண்ணும்போது நேரம் தவறினால் புது ராக்கெட்டாக இருந்தாலும் ஒரே அடியில் உடையும். எதிராளியின் மீட்டர் நிரம்பிப் பளபளக்க ஆரம்பித்தால், அதற்குள் அந்தப் பாயின்ட்டை முடிக்கப் பாருங்கள்.

கதையில் கிடைக்கும் கூடுதல் ராக்கெட்டுகள் இதற்குத்தான் உதவும். ஒன்று உடைந்தால் அடுத்தது தானாகக் கைக்கு வரும், எல்லாம் உடைந்தால்தான் தோல்வி. ராக்கெட் தரும் சவால்களைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப்போய் முடித்துவிட்டு வாருங்கள். அது லெவல் ஏற்றுவதைவிடப் பலன் தரும்.

இளவேனில்:

நன்றி. ஆர் குழப்பம் தீர்ந்தது, நட்சத்திரத்தின் நடுவில் நின்றால் ஒவ்வொரு முறையும் ஸோன் ஷாட் வருகிறது. பட்டனைப் பிடித்து நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஆனால் ஸோன் ஸ்பீடு போட்டு, பந்து தொடும் நேரத்தில்தான் அழுத்துகிறேன், இன்னும் பாதிக்குப் பாதி விரிசல் விழுகிறது. தாமதமாக அழுத்தியதுபோல் படுகிறது.

மின்மினி:

'தாமதமாக அழுத்தியதுபோல்' என்றால் முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள். இந்த கேமில் ப்ளாக் நேரம் மிகக் குறுகியது. படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால் நீங்கள் பார்க்கும் பந்து கேமுக்குள் இருக்கும் பந்தைவிடப் பின்தங்கியே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஸ்விட்ச்சை டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து அதே மேட்சை ஆடுங்கள். ப்ளாக் ஒழுங்காக விழுந்தால் குற்றவாளி டிவிதான். டிவியின் பிக்சர் செட்டிங்கில் கேம் மோட் போடுங்கள். ஸ்விட்ச் அதைத் தானாக மாற்றாது, நீங்களே ரிமோட்டில் மாற்ற வேண்டும். பல டிவிகளில் அது ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக இருக்கும். செட்டாப் பாக்ஸ் இருக்கும் துளையில் போட்டுவிட்டு ஸ்விட்ச்சுக்குப் போட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி தனியாக இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்போன் போட்டு ஆடுகிறீர்களா? 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து ஸ்விட்ச்சில் அது வேலை செய்கிறது, ஆனால் சத்தம் பின்தங்கி வரும். பந்து பட்ட சத்தத்தைக் கேட்டு அழுத்துபவர்களுக்கு அது கெடுதல். வயர் ஹெட்போனோ டிவி ஸ்பீக்கரோ போதும்.

தச்சன்:

மின்மினி சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள். அதை முடிக்காமல் கையைப் பழக்கினால், தவறான நேரத்துக்குக் கை பழகிவிடும். பிறகு கேம் மோட் போட்டதும் எல்லா ப்ளாக்கும் சீக்கிரமாகிவிடும்.

குறி வட்டம் நகர்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: கைரோ (கன்ட்ரோலரின் அசைவை உணரும் சென்சார்), இல்லையென்றால் இடது ஸ்டிக். கேமுக்குள் செட்டிங்கில் மோஷன் கொண்டு குறி பார்ப்பதை அணைத்துவிட்டு, ஸோன் ஷாட்டில் ஸ்டிக்கைத் தொடாமல் விடுங்கள். வட்டம் அசையாமல் நின்றால் கைரோதான். அப்போதும் நகர்ந்தால் ஸ்டிக். ஸ்டிக் கோளாறாக இருந்தால் ராலியிலும் மாரியோ தானாக ஒரு பக்கம் ஓரடி நகர்வார், கவனியுங்கள்.

கைரோவுக்கு: ஹோம் மெனு, சிஸ்டம் செட்டிங்ஸ், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிபரேட் மோஷன் கன்ட்ரோல்ஸ். ஜாய்-கானைக் கிரிப்பிலிருந்து கழற்றி ஆடாத சமதளத்தில் வையுங்கள். மெத்தை, சோபா கூடாது, மேசைதான். பிறகு பிளஸ் அல்லது மைனஸ் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், அந்த நேரத்தில் ஜாய்-கான் துளியும் அசையக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஸ்டிக்குக்கு: அதே பக்கத்தில் கேலிபரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ். சரிசெய்ய வேண்டிய ஸ்டிக்கை உள்நோக்கி அழுத்தினால் திரையில் வட்டம் வரும். கையை எடுத்ததும் புள்ளி நடுவுக்குத் திரும்பாவிட்டால் எக்ஸ் அழுத்தி, சொல்கிறபடி சாய்த்துச் சுழற்றுங்கள். கேலிபரேட் செய்த கொஞ்ச நாளிலேயே திரும்ப நகர்ந்தால் ஸ்டிக்கின் உள்பாகம் தேய்ந்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும்.

இளவேனில்:

கையில் வைத்து ஆடினால் ப்ளாக் அருமையாக விழுகிறது! டிவியில் கேம் மோட் ஸ்விட்ச் துளைக்குப் போடவில்லை, இப்போது போட்டாச்சு, வித்தியாசம் கண்கூடு. குறி வட்டத்துக்குக் காரணம் கைரோ. மேசையில் வைத்து சரிசெய்தேன், இப்போது அசையவில்லை. மாளிகை மேட்ச்சும் முடிந்தது.

பூவரசு:

இதே இழையில் கேட்கலாமா? நான் இன்னும் பின்னாடி, பிரான்ஹா காட்டின் பாஸ் பீட்டி பிரான்ஹாவிடம் நிற்கிறேன். ராக்கெட் பிரச்சினை இல்லை. நேரம்தான் முடிந்துபோகிறது. பாதி உயிர்கூடக் குறையவில்லை.

வெண்ணிலா:

பூவரசு, பந்தைத் திருப்புவதோடு நிற்கிறீர்களா, தொப்புளைக் குறி வைக்கிறீர்களா? பீட்டியின் பலவீனம் தொப்புள்தான். சாதாரண அடிகளை அங்கேயே தொடர்ந்து கொடுத்தால் அது தள்ளாடும். அந்த நேரத்தில் ஸோன் ஷாட்டும் அதே தொப்புளில். பெரிய சேதம் அதில்தான். தள்ளாடும்போது உங்கள் மீட்டர் காலியாக இருந்தால் அந்த வாய்ப்பு வீண், திரும்ப முதலிலிருந்து. நேரம் போவது இப்படித்தான்.

ஆகவே ராலியில் மீட்டரைச் சேருங்கள். முன்கூட்டியே இடத்துக்குப் போய்ப் பட்டனைப் பிடித்து சார்ஜ் ஷாட்டாக அடியுங்கள். சார்ஜ் ஆக ஆக மீட்டர் ஏறும், பந்தும் வேகமாகப் போகும். ப்ளாக்குக்கு விலக்கச் சொன்ன அதே பழக்கம் இங்கே வேண்டும். வலது ஸ்டிக்கைத் தட்டி ட்ரிக் ஷாட் அடித்தாலும் மீட்டர் ஏறும், ஆனால் நேரம் தவறினால் பந்தைத் தாண்டி விழுவீர்கள். பாஸிடம் அதை நான் தவிர்க்கச் சொல்வேன்.

ஸோன் ஷாட்டில் குறி பார்க்க அதிக நேரம் எடுக்காதீர்கள். தொப்புள் நடுவில்தான் இருக்கிறது, வட்டத்தை வைத்ததும் அடித்துவிடுங்கள். மிச்சம் பிடித்த மீட்டர் அடுத்த சுற்றுக்கு ஆகும்.

கடலோடி:

அதோடு ஆர் பட்டனை வீணாகப் பிடிக்காதீர்கள் பூவரசு. எட்டக்கூடிய பந்துக்கு ஓடிப்போனாலே போதும், ஸோன் ஸ்பீடு வேண்டாம். பயத்தில் ஆர் பிடிப்பவர்களுக்கு மீட்டர் நிரம்பவே நிரம்பாது.

பூவரசு:

ஆமாம், ஒவ்வொரு பந்துக்கும் ஆர் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியதும் தள்ளாடும் நேரத்தில் மீட்டர் கையில் இருந்தது. பீட்டி முடிந்தது, நன்றி வெண்ணிலா.

இளவேனில்:

அடுத்து சாவேஜ் ஸீ வந்தாச்சு. கப்பல் மேல் நடுவில் பாய்மரம் நிற்கிறது, பந்து அதில் பட்டு என் பக்கமே திரும்பி வருகிறது. பாய்மரத்தை அணைக்க வழி உண்டா?

மின்மினி:

ஃப்ரீ ப்ளேயில் மைதானத் தடைகளை அணைக்கலாம். கதையில் முடியாது. பாய்மரம் வலையின் நடுவில், உயரமாக நிற்கிறது. ஆகவே லாப் (உயரத் தூக்கி அடிப்பது) போட்டாலும் தப்பாது. நடுவில் நின்று நேராக அடிப்பதுதான் ஆபத்து. ஒரு ஓரத்துக்குப் போய் அதே ஓரத்தோடு நேராக அடியுங்கள், பந்து மரத்துக்கு வெளியே போகும். குறுக்கே அடிக்க வேண்டுமானால் பந்தின் பாதை மரத்தைத் தொடுமா என்று பார்த்து அடியுங்கள். மரத்தில் பட்ட பந்து எதிராளிக்கும் இதே தொல்லைதான். அவன் நடுவிலிருந்து அடிக்கும்போது வலைக்கு நெருங்காமல் பின்னால் நில்லுங்கள். திசை மாறினாலும் எட்ட நேரம் இருக்கும்.

இளவேனில்:

சரி, ஓரத்தோடு ஆடிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. கேம் கார்டு அக்கா பையனிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தால் என் கதை அழிந்துவிடுமா?

கடலோடி:

அழியாது. சேமிப்பு கார்டில் இல்லை, உங்கள் ஸ்விட்ச்சில் உங்கள் பயனர் கணக்கோடு இருக்கும். அவன் தன் ஸ்விட்ச்சில் முதலிலிருந்து தொடங்குவான், கார்டு திரும்ப வந்ததும் நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இடம் போதவில்லை என்று கேமை நீக்க நேர்ந்தால் டேட்டா மேனேஜ்மென்ட்டில் 'டிலீட் சேவ் டேட்டா' என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள். அது வேறு, மென்பொருளை நீக்குவது வேறு. அவன் உங்கள் ஸ்விட்ச்சிலேயே ஆடப்போகிறான் என்றால் அவனுக்குத் தனிப் பயனர் உருவாக்கிக் கொடுங்கள், உங்கள் கதையோடு கலக்காது.