ஏலகிரி ஏற ஸ்டீல் ஃப்ரீஹப் வாங்கலாமா?

வாணியம்பாடிக்காரன்:
வணக்கம். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. தினமும் கியர் சைக்கிளில்தான் போய் வருகிறேன். முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரி வழியாக ஏலகிரி. என் எடை 88 கிலோ, கேரியரில் பை வேறு. போன வாரம் கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாற்றலாம் என்று கழற்றினால் அது வரவே இல்லை. தட்டித் தட்டி எடுத்துப் பார்த்தால், கேசட் ஏறி உட்காரும் அலுமினிய உருளையான ஃப்ரீஹப்பில் ஒவ்வொரு பல்சக்கரமும் வெட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ரிம் நன்றாக இருக்கிறது, 36 ஓட்டை, எட்டு ஸ்பீடு. கடையில் மறுபடியும் அலுமினியத்தையே நீட்டி "வெயிட் கம்மி சார்" என்கிறார்கள். ஸ்டீல் கேட்டால் சிரிக்கிறார்கள். எதை வாங்குவது?

ராணிப்பேட்டை டர்னர்:
சிரித்தால் சிரிக்கட்டும் தம்பி, ஸ்டீலே வாங்குங்கள். சிப்காட்டில் லேத் முன்னால் நின்றே தலை நரைத்தவன் சொல்கிறேன். எட்டு ஸ்பீடு பல்சக்கரம் ஒன்றின் கனம் 2 மி.மீ. கூட இருக்காது. அந்த மெல்லிய விளிம்புதான் ஃப்ரீஹப்பின் வரிகளை, அதாவது அதன் மேலுள்ள நீள மேடுகளைத் தள்ளுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் சின்னது, பின்னால் பெரியது போட்டு எழுந்து நின்று மிதிப்பீர்கள், இல்லையா? ஃப்ரீஹப் வாங்கும் முறுக்கு அப்போதுதான் உச்சம். தள்ளுவது இரும்பு, தாங்குவது அலுமினியம். எது வெட்டுப்படும் என்று நான் சொல்லவா வேண்டும்?

பெரிய சக்கரங்களை ஒரே தாங்கியில் சேர்த்துப் பதித்த விலை கூடிய கேசட்டில் அழுத்தம் பரவிவிடும், அங்கே அலுமினியம் பரவாயில்லை. உங்கள் கேசட் அந்த ரகம் இல்லை. நோவாடெக் கம்பெனி சில ஹப்களில் (சக்கரத்தின் நடு உருளை) அலுமினிய வரியின் ஓரத்தில் ஸ்டீல் பட்டை பதிக்கிறார்கள், அது நடுவழி. டைட்டானியத்தில் வெட்டு விழுவது குறைவு, பர்ஸில் விழும் வெட்டுதான் பெரிசு. ஸ்டீலால் கூடும் எடை, பாட்டில் தண்ணீரில் நாலு மடக்கு. 88 கிலோ ஆளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

குடியாத்தம் சைக்கிள்:
அண்ணன் சொல்வது சரி. ஷிமானோவில் அலிவியோ, டியோர் ரக ஹப்களைப் பாருங்கள், ஸ்டீல் ஃப்ரீஹப், கப்-கோன் அமைப்பு, அதாவது கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே குண்டுகள் உருளும். பின்பக்கம் பக்கத்துக்கு 9 கால் அங்குல குண்டு. நம்ம ஊர் சைக்கிள் சாமான் கடையிலேயே அந்தக் குண்டு கிடைக்கும். ஆனால் கிரீஸ் போடாமல் ஓட்டக் கூடாது. கோன் தேய்ந்தால் மாற்றலாம், கப்பில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. அந்தத் தொல்லை வேண்டாம் என்றால், குண்டுகளை உள்ளே வைத்து மூடிய சீல்டு பேரிங்.

ராணிப்பேட்டை டர்னர்:
சீல்டு வாங்கினால் பேரிங் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். 6001 என்றால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கேட்கலாம். 6902 மாதிரி ஒல்லி ரகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். எனக்கென்னவோ கப்-கோன்தான் பிடிக்கும், ஸ்பேனர் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடிந்துவிடும்.

வாணியம்பாடிக்காரன்:
நன்றி அண்ணா. சம்பளம் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாமா?

ராணிப்பேட்டை டர்னர்:
வெட்டு ஆழமாக இல்லையென்றால் ஓட்டலாம். வரியில் எழும்பி நிற்கும் மேட்டை மட்டும் சின்ன அரத்தால் தேய்த்துவிடுங்கள், கேசட் சுலபமாக ஏறும். கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள், தளர்ந்திருந்தால் சக்கரங்கள் ஆடி இன்னும் வெட்டும். உள்ளே ஃப்ரீஹப்பை ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் நாய்ப்பல் இருக்கும் இடத்தில் கெட்டி கிரீஸ் அப்பாதீர்கள், ஒட்டிக்கொண்டு மிதி வழுக்கும், ஆயில் போதும். புது ஹப் வாங்கப் போகும் முன் ஃப்ரேமின் பின் இடைவெளி 130 மி.மீ.-ஆ 135 மி.மீ.-ஆ என்று அளந்து கொள்ளுங்கள். ஹப்பின் காது (கம்பி மாட்டும் விளிம்பு) அளவு மாறினால் பழைய ஸ்போக்ஸ் கம்பி நீளம் சேராது, கம்பிக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள்.