பெரிய அரவானாவைப் புதுத் தொட்டிக்கு மாற்ற: வலையா, பையா, மயக்க மருந்தா?

கண்ணாடிச்சுவர்:
எல்லோருக்கும் வணக்கம். என் சில்வர் அரவானா மீன் இரண்டடியைத் தாண்டிவிட்டது. இப்போதிருக்கும் நான்கடித் தொட்டியில் திரும்புவதற்கே உடம்பை மடக்க வேண்டியிருக்கிறது, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த அறையில் எட்டடித் தொட்டி தயார், தண்ணீர் நிரப்பிப் புது ஃபில்டரும் ஓடுகிறது. மாற்றும் வழியில்தான் குழப்பம். தெரிந்தவர் ஒருவர் பெரிய வலை போதும் என்கிறார். இன்னொருவர் கிராம்பு எண்ணெய் கலந்து மயக்கித் தூக்கச் சொல்கிறார். புதுத் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் பழக்குவது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீரடி:
வலையை முதலில் ஒதுக்கி வையுங்கள். இரண்டடி மீன் வலைக்குள் துள்ளினால் நூல் உரசியே மேலிருக்கும் வழவழப்புப் படலம் போய்விடும். கிருமிக்கும் பூஞ்சைக்கும் அதுதான் முதல் தடுப்பு. துடுப்பு கிழியும், செதில் பெயரும், தாடை நுனியில் இருக்கும் இரண்டு மீசையும் வலைக்கண்ணில் மாட்டும். தண்ணீருக்கு வெளியே தூக்கும்போது உடம்பின் முழு எடையும் வலை பிடித்திருக்கும் இடத்தில் இறங்கும். பெரிய மீனுக்கு அது ரொம்ப ஆபத்து.

கனமான பெரிய பிளாஸ்டிக் பை வாங்குங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. தொட்டித் தண்ணீரைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள், ஆனால் மீனின் முதுகு நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். பையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து ஒருவர் வாயைத் திறந்து பிடிக்கட்டும், மற்றவர் பின்னாலிருந்து நனைத்த கையால் மெதுவாக ஓட்டட்டும். வாலும் உள்ளே போகும்வரை பொறுமை. அப்புறம் வாயைச் சுருட்டி, பையை நீளவாக்கில் கிடத்தி, வயிற்றுப் பக்கம் கை கொடுத்துத் தூக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையில் 25 லிட்டர் இருந்தால் மீனையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையகுளம்:
நீரடி சொல்வது அமைதியான மீனுக்குச் சரி. அரவானா மேல்நீரில் திரியும் மீன். அமேசான் காட்டில் தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலிருந்து வண்டுகளைக் குதித்துப் பிடிக்கும் இனம் அது. மிரண்டால் பைக்குள் போகாது, மேலே பாயும். இரண்டடி மீன் தரையில் விழுந்தால் அதன் முன் வலைக்காயம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நான் மயக்க மருந்து பக்கம் நிற்கிறேன். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் மீன் ஆய்வகங்களில் பல காலமாகப் பயன்படுகிறது. அளவாகக் கொடுத்தால் மீன் தளர்ந்துவிடும், போராட்டமே இருக்காது.

பழக்குவதிலும் அவசரம் வேண்டாம். மீனை ஒரு பெரிய டப்பில் விட்டு, சிறு குழாய் வழியாகப் புதுத் தண்ணீரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள்.

செவுள்:
பழையகுளம் அண்ணா, மருந்து வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "அளவாக" என்கிறீர்களே, அங்கேதான் பயம். வெப்பநிலை, மீனின் எடை, உடல்நிலை எல்லாவற்றையும் பொறுத்து அந்த அளவு மாறும். கூடிப்போனால் செவுள் அசைவே நின்றுவிடும். குப்பிக்குக் குப்பி யூஜெனால் அளவும் வேறுபடும். எண்ணெயை அப்படியே ஊற்றினால் கரையாமல் மேலே மிதக்கும், மேல்நீரில் நீந்தும் அரவானா அதற்குள்தான் போய் வாய் வைக்கும். காயத்துக்குச் சிகிச்சை, அறுவை என்றால் மயக்கம் தேவை. அடுத்த அறைக்கு எடுத்துப்போக எதற்கு?

பழையகுளம்:
முழு மயக்கத்தை நான் சொல்லவில்லை தம்பி. நீந்தும் வேகம் குறைகிற அளவுக்கு மட்டும். முதலில் எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கிக் கலக்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். பழக்கமில்லாதவர் தனியாகச் செய்யக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். மீன் மருத்துவர் பக்கத்தில் இருந்தால்? அப்போதும் பையோடு மல்லுக்கட்டச் சொல்வீர்களா?

நீரடி:
மருத்துவர் இருந்தால் அவர் முடிவு, அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் மீன் பாய்வதைத் தடுக்க மருந்தை விட்டால் வழியே இல்லை என்பது சரியில்லை. அறையை இருட்டாக்குங்கள், தொட்டி விளக்கை முன்பே அணைத்து வையுங்கள். வெளிச்சம் குறைந்தாலே மீன் மிரள்வது குறையும். பை பிடிக்கும் இடம் தவிர மீதி மேல்பரப்பு முழுவதும் தெர்மாகோல் பலகையால் மூடியிருக்கட்டும். முதல் முயற்சியில் மீன் திமிறினால் விட்டுவிட்டு, அது சாந்தமான பிறகு மறுபடி வாருங்கள். துரத்திக்கொண்டே இருப்பதுதான் மீனைக் களைப்பிலேயே கொல்லும்.

டப்பில் இரண்டு மணி நேரம் என்பதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன்.

செவுள்:
அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் மீனை இழக்கிறார்கள்.

மீன் தன் கழிவான அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றும். நீண்ட பயணத்தில் மூடிய பைக்குள் அமோனியாவும் சேரும், மீன் விடும் கார்பன் டை ஆக்சைடும் சேரும். கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, கீழே இறக்குவதால் அமோனியாவின் பெரும்பகுதி அதிகம் விஷமில்லாத அமோனியமாக மாறி நிற்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அமோனியம் மறுபடி விஷமாகும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம் அளவுக்குத்தான் விஷ வடிவம். பிஎச் 8 ஆனால் ஏறக்குறைய 5 சதவீதம். அந்தத் தண்ணீரில் மீனை நிறுத்திச் சொட்டு விட்டால் விஷத்தில் நிறுத்தியதாகத்தான் அர்த்தம். தூரப் பயணம் முடித்த மீனுக்கு வெப்பநிலையைச் சமன் செய்துவிட்டு, பைத் தண்ணீரைப் புதுத் தொட்டியில் கலக்காமல், மீனை மட்டும் சீக்கிரம் விட வேண்டும்.

அடுத்த அறைக்குப் போகும் மீனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அங்கேயும் சொட்டு தேவையில்லை. மீன் தன் உடல் உப்புச் சமநிலையைச் சரிசெய்யச் சில நாள் பிடிக்கும், இரண்டு மணி நேரம் எதற்கும் போதாது. தண்ணீரை முன்கூட்டியே ஒன்றாக்குங்கள். பல வருடம் ஓடிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறி, பிஎச் இறங்காமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை தீர்ந்து, பிஎச் இறங்கியிருக்கலாம். இரண்டு தொட்டியிலும் பிஎச், டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில வாரம் பழைய தொட்டியில் சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றி நெருங்கி வாருங்கள். மாற்றும் நாளில் வெப்பநிலை வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

பழையகுளம்:
இது நியாயம்தான். தண்ணீர் ஒன்றாகிவிட்டால் சொட்டு வேண்டாம். ஆனால் தொட்டியில் கசிவு வந்து இன்றே மாற்றியாக வேண்டியவர் வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா?

செவுள்:
அவர் பழைய தண்ணீரையே புதுத் தொட்டிக்குக் கொண்டுபோகலாம் அண்ணா. முதலில் மட்டம் குறைவாகத்தான் நிற்கும், பரவாயில்லை. மீனை விட்டபின் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும்.

கண்ணாடிச்சுவர்:
அளந்து பார்த்தேன். பழையதில் பிஎச் 6.4, புதியதில் 7.6. அப்படியானால் உடனே மாற்றக் கூடாது, புரிகிறது. இன்னொரு கேள்வி. புது ஃபில்டர் ஓட ஆரம்பித்துத் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. அது தயாராகிவிட்டதா?

செவுள்:
பளிச்சென்று இருப்பதை நம்பாதீர்கள். அமோனியாவே இல்லாத தொட்டியில் அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் வளராது. வெறும் தொட்டியில் அமோனியா கொடுத்துத் தொடங்கினாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். உங்களிடம் பழைய ஃபில்டர் இருக்கிறதே, மீன் போகும் அதே நாளில் அதையும் புதுத் தொட்டியில் மாட்டுங்கள். உள்ளே பாக்டீரியா குடியிருக்கும் ஸ்பாஞ்ச், வளையங்கள் காயக் கூடாது, குளோரின் தண்ணீரில் கழுவவும் கூடாது. பழைய ஃபில்டர் குறைந்தது இரண்டு மாதம் புதியதோடு சேர்ந்து ஓடட்டும். முதல் இரண்டு வாரம் தினமும் அமோனியா, அதிலிருந்து உருவாகும் நைட்ரைட் இரண்டையும் சோதனை செய்யுங்கள்.

நீரடி:
மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் பைக்குள்ளேயே கக்கும், கழிவும் கூடும். விட்ட மறுநாளும் தீனி வேண்டாம்.

பழையகுளம்:
மயக்க மருந்து விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கடித்துக் கிழிக்கும் பெரிய மீனுக்கு, தெரிந்தவர் கையில், அது நல்ல வழிதான். ஆனால் கண்ணாடிச்சுவர், நீங்கள் தனியாக அதைத் தொட வேண்டாம், பையே போதும். புதுத் தொட்டியின் மூடியில் கனம் வையுங்கள், குழாய் போகும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். புது இடத்தில் முதல் சில இரவுகளில்தான் அரவானா அதிகம் குதிக்கும்.