எட்டு ரியால் நாணயத்தின் மதிப்பு வெள்ளியிலா, முத்திரையிலா?

வெள்ளிக்காசு:
ஸ்பெயின் மன்னரின் பெயருக்கு இருந்த மரியாதையால்தான் எட்டு ரியால் என்ற ஸ்பானிய வெள்ளி நாணயம் உலகெங்கும் செல்லுபடியானது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. மெக்சிகோவிலும், ஸ்பெயினின் பெரு ஆட்சிப்பகுதியில் (இன்றைய பொலிவியாவில்) இருந்த பொட்டோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளிக்கு வந்த மரியாதை அது. சுமார் 27 கிராம் எடை, நல்ல மாற்று (அதாவது வெள்ளியின் தூய்மை). வரியை வெள்ளியாகக் கேட்ட சீனாவுக்கு 1571 முதல் மணிலா வழியாகக் கப்பல் கப்பலாகப் போனது. அங்கிருந்து திரும்பிய காசுகளைப் பாருங்கள்: சோதித்த ஒவ்வொரு வணிகரும் தம் குறியை அடித்து, மன்னரின் கன்னமும் மூக்கும் தேய்ந்து, சில காசுகள் கிண்ணம்போல் குழிந்தே போயிருக்கும். முகத்தை நம்பியவர்கள் இப்படியா செய்வார்கள்?

செங்கதிர்:
அப்படியானால் ஷாங்காய் எப்படி? 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகு கழுகு பொறித்த காசு வந்தது. அதே எடை, மாற்றில் ஸ்பெயினின் கார்லோஸ் மன்னர் முகம் பொறித்த கடைசிக்காலக் காசைவிடச் சற்று உயர்வு. ஆனாலும் 1850கள் வரை ஷாங்காய் வணிகர்கள் பழைய கார்லோஸ் காசுக்கே கூடுதல் விலை கொடுத்தார்கள். வெள்ளி மட்டுமே மதிப்பென்றால் இது நடந்திருக்கவே கூடாது. 1772இலும் 1786இலும் ஸ்பெயின் ரகசியமாக மாற்றைக் குறைத்தபோதும் அந்தக் காசு தொடர்ந்து ஓடியதே!

வெள்ளிக்காசு:
குறைத்தது மிகச் சிறிய அளவு, அதனால் ஓடியது. பெரிதாகக் குறைந்தபோது என்ன ஆனது? 1649இல் பொட்டோசி அக்கசாலை (நாணயம் அடிக்கும் கூடம்) காசில் வெள்ளியைக் குறைத்த மோசடி அம்பலமானது. அதே மன்னரின் முத்திரைதான், ஆனாலும் ஐரோப்பிய வணிகர்கள் பெருவின் காசைத் தொடவே அஞ்சினார்கள். மோசடியில் சிக்கிய வெள்ளி வணிகர் கோமஸ் தே லா ரோச்சாவுக்கு மரண தண்டனை. 1652இல் தூண்களும் அலைகளும் கொண்ட புது வடிவத்தையே வெளியிட வேண்டியிருந்தது.

செங்கதிர்:
புது வடிவம் எதற்கு? வெள்ளியைத் திருத்தினால் போதாதா? முத்திரை கெட்டுவிட்டதால் புது முத்திரை தேவைப்பட்டது. என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஐயா.

கடலோடி:
ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நியூ சவுத் வேல்ஸை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1813இல் ஆளுநர் மக்வாரி 40,000 ஸ்பானிய டாலர்களின் (எட்டு ரியாலின் இன்னொரு பெயர்) நடுவைத் துளைத்தெடுத்தார். வளையம் 5 ஷில்லிங், நடுத்துண்டு 15 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). ஐந்து ஷில்லிங் காசு ஒரே அடியில் ஆறேகால் ஷில்லிங்! வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை.

வெள்ளிக்காசு:
அது அந்தக் குடியேற்றத்துக்குள் மட்டும் செல்லும் விலை. காசு வெளியே போய்விடாமல் தடுக்கத்தானே துளைத்தார்? சீனாவின் கான்டன் துறைமுகத்தில் அந்த வளையத்தை நீட்டியிருந்தால் தராசைத்தான் எடுத்திருப்பார்கள்.