வால்மீன் கருவின் சுழற்சி: 10.8 மணியா, 13.9 மணியா?

ஒரு மங்கலான குறுங்கால வால்மீனின் ஒளி வளைவில் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) சிக்கி நிற்கிறேன். சூரியனிலிருந்து 4.3 வானியல் அலகு (பூமி-சூரியன் சராசரித் தூரம் ஒரு அலகு), பூமியிலிருந்து 3.4, பிரகாச அளவு சுமார் 21 (எண் கூடினால் மங்கல்), 2 மீட்டர் தொலைநோக்கி, சிவப்பு வடிகட்டி, ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்த இரவுகள். பிரதிபலிப்பு 4 சதவீதம் என்று வைத்தால் ஆரம் 3 கி.மீ. பக்கம் வருகிறது, அதில் பிரச்சினை இல்லை. சுழற்சிதான் பிடிபடவில்லை. லாம்ப்-ஸ்கார்கில் வரைபடத்தில் (இடைவெளி உள்ள தரவில் திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேடும் முறை) 5.4, 6.95 மணி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உயர முகடு. நீள்வடிவக் கரு ஒரு சுற்றில் இரண்டு முறை பிரகாசிக்கும் என்பதால் இரட்டித்தால் 10.8 அல்லது 13.9. இரண்டு முகடுகளுக்கும் இடைவெளி நாளுக்குச் சரியாக ஒரு அலைவு, அதாவது பகலில் அளக்க முடியாத இடைவெளி செய்யும் வேலை, ஒன்று போலி முகடு.

தூரம், கட்டக்கோணம் (சூரியன்-வால்மீன்-பூமி கோணம்), ஒளி வந்துசேரும் நேரம் எல்லாம் திருத்திவிட்டேன். அளவீட்டு வட்டத்தைச் சுருக்கியும் பெருக்கியும் பார்த்தேன், 0.35 பிரகாச அளவு ஏற்ற இறக்கம் அசையவில்லை. பிம்பமும் பக்கத்து நட்சத்திரம் போலவே கூர்மையாக இருக்கிறது, எனவே தூசு உறை மறைப்பதாகத் தெரியவில்லை. டெம்பெல் 2 என்ற வால்மீனின் தரவைப் போட்டால் அதன் தெரிந்த சுழற்சியான 8.9 மணி ஒழுங்காக வருகிறது, ஆக நிரலைச் சந்தேகிக்க வேண்டாம்.

இந்த இரண்டில் எது என்று பிரிக்க, வேறு தீர்க்கரேகையில் ஒரே ஒரு முழு இரவு போதுமா, இல்லை இரண்டு இடங்களிலிருந்தும் ஒரே நாளில் தொடர்ச்சியாக எடுத்தே ஆகவேண்டுமா?