காயடித்தால் மாட்டுக்குக் கொழுப்பு கட்டுமா?

கொங்கு உழவன்:
வண்டிக்குப் பழக்கலாம் என்று ஒரு காங்கேயம் காளைக்கன்று வைத்திருக்கிறேன், ஒன்றரை வயது. காயடிக்கலாம் என்று பார்த்தால் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், கொழுப்பு கட்டி மாடு மந்தமாகிவிடும் என்கிறார். நிஜமா?

மாட்டு வைத்தியம்:
பாதி நிஜம். விதையில் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்த்து, கொழுப்பு சேர்வதை அடக்கி வைக்கும். அது நின்றுவிட்டால் அதே தீவனத்தில் தசை குறைந்து கொழுப்பு கூடும். தோலுக்கு அடியில், சிறுநீரகத்தைச் சுற்றி, தசைகளுக்கு நடுவில், கடைசியில் தசைக்குள்ளேயே கோடு கோடாக என்று எல்லா இடத்திலும் ஏறும். பண்ணைகளில் காயடிக்காத காளை சுமார் 10 முதல் 20 சதவீதம் வேகமாக எடை போடும், அந்த எடையிலும் கறிதான் அதிகம். ஆனால் இதெல்லாம் கட்டிப்போட்டுத் தீனி கொடுக்கிற மாட்டுக்கு. உழைக்கிற எருதுக்கு எங்கே கொழுப்பு தங்கும்?

கடல் தாண்டியவன்:
நான் இருக்கிற தென்கொரியாவில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். ஹான்வூ மாட்டை ஆறேழு மாதத்திலேயே காயடித்து, அப்புறம் இரண்டரை வயது வரை தானியமாகப் போட்டு வளர்க்கிறார்கள், கறிக்குள் வெள்ளை வரி ஓடினால்தான் விலை. இத்தாலி, ஜெர்மனிப் பக்கம் காயடிக்காத இளங்காளைக் கறிதான் நிறைய, கொழுப்பு கம்மி. காயடிப்பு வழி திறந்துவிடும், அவ்வளவுதான். தீனி இல்லாமல் கொழுப்பு எங்கிருந்து வரும்?

பழைய சாலை:
தம்பி, கொழுப்பைவிட வயதைப் பாருங்கள். ரொம்பச் சின்னதில் காயடித்தால் கால் நீண்டு, கழுத்தும் திமிலும் ஒல்லியாகவே நின்றுவிடும், அப்புறம் நுகம் எங்கே உட்காரும்? பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் போட்டு, கழுத்து திரண்ட பிறகு செய்தால் வேலைக்கு நல்லது. திமிலில் இருக்கிற கறுப்பு வெளுக்கும், அதற்குப் பயப்படாதீர்கள், காங்கேயம் எருது எல்லாமே அப்படித்தான். கொழுப்பு ஏறுகிறதா என்று தெரிய வாலடியில் இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று திரண்டிருந்தால் புண்ணாக்கைக் குறையுங்கள். வேலை இல்லாத மாதத்தில் பருத்திக்கொட்டையை அள்ளி வைப்பதுதான் மாட்டை ஊதவைப்பது.

கொங்கு உழவன்:
சரி ஐயா, இன்னும் பல் போடவில்லை, பொறுக்கிறேன். ஊரில் ஒருவர் கல்லால் நசுக்கியே காயடிப்பாராம், கூப்பிடட்டுமா?

மாட்டு வைத்தியம்:
வேண்டவே வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போங்கள், மரத்துப்போக ஊசி போட்டு பர்டிசோ இடுக்கியால் விதைக்கு இரத்தம் போகிற குழாயை நசுக்கிவிடுவார்கள், தோல் கிழியாது. கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும், அது வடியும் வரை வண்டியில் பூட்டாதீர்கள்.