‘கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மென்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ந. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பகுதி பாதியில் நிற்கிறது. முட்டுக்கட்டை ‘கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மென்ட்’, அதாவது கல்லூரிகள் ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்குப் போவது. அகராதியைப் பார்த்து ‘மாநாட்டு மறுசீரமைப்பு’ என்று போட்டால் வாசகருக்குப் பந்தலும் கொடியும்தான் கண்முன் வரும். பிக் டென், எஸ்.இ.சி. போன்ற கான்ஃபரன்ஸ்கள் கூடிக் கலையும் கூட்டம் இல்லை. ஆணையர், விதிகள், ஆட்ட அட்டவணை, தொலைக்காட்சி ஒப்பந்தம், வருவாய்ப் பங்கீடு எல்லாம் உள்ள, கல்லூரிகளின் நிரந்தர அமைப்பு.

என் முன்மொழிவு: கான்ஃபரன்ஸ் என்பது ‘கூட்டமைப்பு’, ரீஅலைன்மென்ட் என்பது ‘அணி மாற்றம்’. ‘அணிசேரா நாடுகள்’ என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் ‘அணி’ எல்லோருக்கும் புரியும். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

வே. எழுதியது:

ஆட்சேபம் இருக்கிறது, ந. சார். ‘அணி மாறினார்’ என்றால் விளையாட்டுப் பக்கம் படிப்பவர் ஒரு வீரர் இந்தக் கல்லூரியை விட்டு அந்தக் கல்லூரிக்குப் போனதாகத்தான் எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் இப்போது அதுவும் தனிப் பெரிய விவகாரம். அதற்கும் ஒரு சொல் வேண்டியிருக்கும். ‘அணி’யை அதற்கே விட்டுவிடுங்கள்.

‘கூட்டமைப்பு’ தவறில்லை. ஆனால் நாடுகளின் கால்பந்துச் சம்மேளனங்களுக்கும் அதையே எழுதுகிறோம். ‘கூட்டணி’ என்று வையுங்களேன். யார் யாரோடு சேர்ந்தார்கள், எத்தனை இடம், எவ்வளவு பங்கு, யார் தனித்து நிற்கிறார்கள் என்ற மொத்தப் பேச்சுக்கும் தமிழில் அச்சொல்லைச் சுற்றி வழக்கு தயாராக இருக்கிறது. நாட்டர்டேம் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்தில் தனித்து நிற்கிறது, மற்ற பெரும்பாலான ஆட்டங்களில் ஏ.சி.சி. கூட்டணியில் இருக்கிறது. இதைப் படிக்க எந்தத் தமிழருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம்.

பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். பிக் டென்னில் இப்போது 18 கல்லூரிகள், பிக் 12-இல் 16. ‘பெரும் பத்து’ என்று எழுதினால் கணக்கு உதைக்கும்.

ந. எழுதியது:

‘கூட்டணி’ சரி. அப்படியானால் ரீஅலைன்மென்ட் ‘கூட்டணி மறுசீரமைப்பு’ ஆகுமா? ‘மறுவரையறை’யும் யோசித்தேன், தொகுதி மறுவரையறை போல.

வே. எழுதியது:

இரண்டும் வேண்டாம். சீரமைப்பு, வரையறை என்றால் மேலே உட்கார்ந்து ஒருவர் கோடு போடுகிறார் என்று பொருள். இங்கே அப்படி யாரும் இல்லை. 1984-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்று தீர்ப்பளித்து, கால்பந்து ஒளிபரப்பை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.விடமிருந்து பறித்துவிட்டது. அன்று முதல் விற்பனை கல்லூரிகள், கூட்டணிகள் கையில். யார் எங்கே சேரலாம் என்று உத்தரவிடும் ஆணையம் எதுவும் கிடையாது. நகர்வு நடப்பதெல்லாம் ஒப்பந்தத் தேதிகளை ஒட்டித்தான்.

மேற்குக் கரைக் கூட்டணியான பேக்-12 சரிந்ததைப் பாருங்கள். 2022 ஜூன் 30 அன்று அதன் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிகளான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதோடு லாஸ் ஏஞ்சலிஸ் சந்தை பேக்-12-இன் கையை விட்டுப் போனது. அந்த ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று தொலைக்காட்சிகளோடும் ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் முடித்தது. அக்டோபரில் பிக் 12 முந்திக்கொண்டு இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் ஆறாண்டுக்குச் சுமார் 228 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டது. தொலைக்காட்சிகளின் பணப்பையும் சனிக்கிழமை நேரங்களும் பெருமளவு அங்கேயே தீர்ந்தன. பேக்-12-க்கு மிஞ்சியது ஆப்பிளின் சந்தா அடிப்படையிலான யோசனை. அதில் உறுதியான தொகை குறைவு, மீதி சந்தாதாரர் சேர்ந்தால்தான்.

2023 ஜூலை இறுதியில் கொலராடோ பிக் 12-க்குத் திரும்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஒரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கும் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கும் போயின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் அட்லான்டிக் கரைக் கூட்டணியான ஏ.சி.சி.யில் இடம்பிடித்தன, முதல் ஏழாண்டுக்கு 30 விழுக்காட்டுப் பங்குக்கு ஒப்புக்கொண்டு. கூடவே சேர்ந்த எஸ்.எம்.யு. ஒன்பதாண்டுக்குத் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்றது. கடைசியில் பேக்-12-இல் நின்றவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் மட்டும்.

இதை ‘மறுசீரமைப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

க. எழுதியது:

‘கூட்டணிப் பெயர்ச்சி’? ஒரு கல்லூரி போவது ‘கூட்டணி மாற்றம்’. ஒன்று கிளம்பியதும் மற்றவையும் அடுத்தடுத்துக் கிளம்பும் மொத்த அலை ‘கூட்டணிப் பெயர்ச்சி’. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும், ஏனென்றால் முதலாவது ஒரு கல்லூரியின் முடிவு, இரண்டாவது அந்த முடிவு மற்றவர்களுக்குச் செய்வது.

மீ. எழுதியது:

குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி மாதிரி ஒலிக்கிறதே!

க. எழுதியது:

வாஷிங்டன் ஸ்டேட்காரர்களைக் கேட்டால் சனி என்றுதான் சொல்வார்கள், அக்கா.

ந. எழுதியது:

‘கூட்டணிப் பெயர்ச்சி’யைக் குறித்துக்கொண்டேன். அடுத்தது ‘கிரான்ட் ஆஃப் ரைட்ஸ்’. பழைய பட்டியலில் ‘உரிமை வழங்கல்’ என்று இருக்கிறது. போதுமா?

மீ. எழுதியது:

போதாது. ‘வழங்கல்’ என்றால் மேலிருப்பவர் கீழிருப்பவருக்குத் தருவது. இங்கே கல்லூரி தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறித்த காலத்துக்குக் கூட்டணியின் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறது. முக்கியமான சங்கதி, கல்லூரி கூட்டணியை விட்டுப் போனாலும் காலம் முடியும்வரை அந்த உரிமை கூட்டணியிடமே தங்கும். புதுக் கூட்டணிக்குப் போன கல்லூரியிடம் விற்பதற்குச் சொந்த மைதான ஆட்டமே இருக்காது. வெளியூர் ஆட்டத்தின் உரிமை எப்படியும் எதிர்க்கல்லூரியின் பக்கம்தான். வெறுங்கையோடு வருபவரை எந்தக் கூட்டணி முழுப் பங்கு கொடுத்துச் சேர்க்கும்? பூட்டு அங்கேதான் இருக்கிறது, அபராதத்தில் இல்லை.

நம் பத்திரச் சொற்களில் தேடினால் ‘குத்தகை’ பொருந்தாது. குத்தகைதாரர் பணம் கொடுத்து விளைச்சலை எடுப்பவர், இங்கே அது தொலைக்காட்சி நிறுவனம். ‘ஒத்தி’ நெருங்கி வருகிறது, அனுபவம் கைமாறுகிறது, உடைமை மாறவில்லை. ஆனால் ஒத்தியில் கடன் உண்டு, கடனை அடைத்தால் சொத்து திரும்பும். இங்கே கல்லூரி கடன் வாங்கவில்லை. ‘உரிமை ஒப்படைப்பு’ என்று வைக்கலாம்.

வே. எழுதியது:

ஒப்படைப்பு நன்று, அக்கா. நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பேக்-12 கல்லூரிகள் ஏன் அவ்வளவு எளிதாகக் கழன்றன? ஒப்படைப்பும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் 2024 கோடையோடு சேர்ந்தே முடிந்தன. அதற்குப் பிறகு கட்டிப்போட எதுவும் இல்லை. டெக்சஸ், ஒக்லஹோமா கதை வேறு. பிக் 12-இல் அவற்றின் ஒப்படைப்பு 2025 வரை இருந்தது. ஓராண்டு முன்னதாக, 2024-லேயே எஸ்.இ.சி.யில் சேர இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன.

ஏ.சி.சி.யில் ஒப்படைப்பு 2036 வரை ஓடுகிறது. ஃபிளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்குக்குப் போனதற்கு அதுதான் காரணம். 2025 மார்ச்சில் சமரசம். விலகல் தொகை முதலில் 16.5 கோடி டாலர், ஆண்டுக்கு 1.8 கோடியாகக் குறைந்து 2030–31-இல் 7.5 கோடியில் நிற்கும். அதைக் கட்டினால் உரிமை கல்லூரிக்குத் திரும்பும்.

மீ. எழுதியது:

பணம் கட்டினால் திரும்பும் என்றால் பாதி ஒத்தி ஆகிவிட்டது! ஆனாலும் ‘ஒப்படைப்பு’ இருக்கட்டும். அந்தத் தொகைக்கு ‘விலகல் தொகை’ போதும்.

ந. எழுதியது:

பிக் 12 ஒப்பந்தத்தின் ‘புரோ ராட்டா’ ஷரத்துக்கு?

வே. எழுதியது:

‘தலைவீதக் கூடுதல்’. பெரிய கூட்டணியிலிருந்து புதுக் கல்லூரி வந்தால் தொலைக்காட்சி அதற்கும் ஒரு முழுப் பங்கைக் கூடுதலாகத் தரும், பழையவர்களின் பங்கு குறையாது. இந்த ஷரத்து இல்லாவிட்டால் புது உறுப்பினரைச் சேர்க்கும் ஒவ்வொரு ஓட்டெடுப்பும் சண்டையாகும். கொலராடோவையும் பிறகு மூன்று கல்லூரிகளையும் பிக் 12 தயங்காமல் அழைத்ததற்குப் பின்னால் இதுதான் இருந்தது.

க. எழுதியது:

பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் தேசியப் பட்டத்துக்கு நடக்கும் நாக்-அவுட் போட்டி, அதன் சொற்களுக்கு வருவோம். ‘ரேங்கிங்’ (தேர்வுக்குழுவின் பட்டியலில் உள்ள இடம்), ‘சீட்’ (போட்டியில் கிடைக்கும் இடம்) இரண்டையும் ‘தரவரிசை’ என்று எழுதினால் 2024 பருவத்தை விளக்கவே முடியாது. அந்த ஆண்டு 12 அணிப் போட்டியில் முதல் நான்கு இடங்கள் கூட்டணிச் சாம்பியன்களுக்கே. 13 பேர் தேர்வுக்குழுவின் பட்டியலில் 9-ஆவதாக இருந்த பாய்ஸி ஸ்டேட் போட்டியில் 3-ஆம் இடம் பெற்றது, 12-ஆவதாக இருந்த அரிசோனா ஸ்டேட் 4-ஆம் இடம். முதல் சுற்றில் விலக்குப் பெற்ற நான்கு அணிகளும் காலிறுதியிலேயே தோற்றன. 8-ஆம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது. 2025 முதல் பட்டியல் வரிசையே போட்டி வரிசை என்று மாற்றிவிட்டார்கள்.

ரேங்கிங் ‘தரவரிசை’யாகவே இருக்கட்டும். சீட் ‘களவரிசை’?

மீ. எழுதியது:

வேகமாகப் படித்தால் ‘களவு வரிசை’ என்று விழுகிறது தம்பி.

க. எழுதியது:

2023-இல் 13–0 என்று ஜெயித்தும் வெளியே நிறுத்தப்பட்ட ஃபிளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் அதைத்தான் கேட்பார்கள். சரி, ‘போட்டி வரிசை’.

‘ஆட்டோமேட்டிக் பிட்’, ‘அட்-லார்ஜ்’ இரண்டுக்கும் மாணவர் சேர்க்கைச் சொற்களே கைகொடுக்கும்: ‘ஒதுக்கீட்டு இடம்’, ‘பொது இடம்’. ஒதுக்கீடு ஐந்து, பொது ஏழு. விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2025 பருவ விதிப்படி ஒதுக்கீடு கூட்டணிகளின் பெயருக்கு இல்லை. சாம்பியன்களில் தரவரிசையில் மேலே உள்ள ஐவருக்கு. ஏ.சி.சி. பட்டத்தை 8–5 கணக்கோடு வென்ற டியூக்குக்கு இடமில்லை, டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் உள்ளே வந்தன.

அதே ஆண்டு கடைசிப் பொது இடத்துக்கான சண்டைதான் ‘நேருக்கு நேர்’ என்ற அளவுகோலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மயாமி, நாட்டர்டேம் இரண்டும் 10–2. முதல் வாரத்தில் மயாமி 27–24 என்று நாட்டர்டேமை வென்றிருந்தது. ஆனாலும் வாரக்கணக்கில் நாட்டர்டேம்தான் பட்டியலில் மேலே. குழு அடுத்தடுத்து நிற்கும் அணிகளைத்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிடும், நடுவே பி.ஒய்.யு. என்ற இன்னொரு அணி நின்றது. பிக் 12 இறுதியில் பி.ஒய்.யு. டெக்சஸ் டெக்கிடம் 34–7 என்று தோற்று இறங்கியதும் இரண்டும் ஒட்டி வந்தன, அப்போதுதான் அந்த ஆட்டம் கணக்கில் ஏறியது. மயாமி 10, உள்ளே; நாட்டர்டேம் 11, டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் ஒதுக்கீட்டில் இரண்டு இடம் எடுத்ததால் வெளியே. விதிப்படி சரியா என்றால் சரி. பார்ப்பவருக்கு எரிச்சல் வராதா என்றால் வரும்.

ந. எழுதியது:

பதிவுக்கான வரைவு: ‘உரிமை ஒப்படைப்பு: உறுப்புக் கல்லூரி தன் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறித்த காலத்துக்குக் கூட்டணியிடம் எழுதிக் கொடுத்தல், கல்லூரி விலகினாலும் காலம் முடியும்வரை செல்லும்.’ மற்றவற்றை இதே அளவில் நாளைக்குள் அனுப்புகிறேன்.

மீ. எழுதியது:

‘தன் ஆட்டங்களின்’ என்பதை ‘தன் சொந்த மைதான ஆட்டங்களின்’ என்று திருத்துங்கள். அதுவும், ‘சமரசமோ ஒப்பந்தமோ வேறு வகை செய்யாத வரை’ என்ற தொடரையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏ.சி.சி.க்குப் பொருந்தாது.