பரணிலிருந்து இறங்கிய பழைய மெத்தைகள்: போகிக்குக் கொளுத்தாமல் என்ன செய்யலாம்?

வண்ணைக்காரி

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று வீட்டைக் காலி பண்ண ஆரம்பித்ததில் பரணிலிருந்தும் பீரோவுக்குப் பின்னாலிருந்தும் மெத்தையாக வருகிறது. ஆயாவின் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு (அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே தைத்ததாம், கல் மாதிரி இருக்கிறது), நடுவில் பள்ளம் விழுந்த தேங்காய் நார் மெத்தை ஒன்று, மூன்றே வருஷத்தில் உட்கார்ந்துபோன ஃபோம் மெத்தை ஒன்று. இது போதாது என்று கீழ் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் ஸ்பிரிங் மெத்தை ஒன்றை மாடிப்படிக்குக் கீழே அனாதையாக விட்டுவிட்டார்கள், அதுவும் இப்போது நம் தலையில்.

குப்பை வண்டியில் கேட்டால் இதெல்லாம் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். என் வீட்டுக்காரர், போகி அன்று தெருவில் போட்டுக் கொளுத்திவிடலாம், வேலை முடிந்தது என்கிறார். ஆயா இரண்டு நாளாக அவரிடம் பேசவில்லை.

என்னிடம் காலால் மிதிக்கிற தையல் மெஷின் இருக்கிறது, மொட்டைமாடியில் இருபது தொட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் இருக்கிறது. யூடியூபில் காட்டுகிற ஊஞ்சல், திவான் எல்லாம் வேண்டாம், வைக்க இடம் கிடையாது. உருப்படியாக என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மெத்தைக்கடைப் பையன்

அக்கா, அந்த இலவம்பஞ்சை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்பா வியாசர்பாடியில் நாற்பது வருஷம் மெத்தை தைத்தவர், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அது இலவம்பஞ்சுதானா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் இலவம் என்று சொல்லி மில் கழிவுப் பருத்தியைக் கலந்து கொடுத்தவர்களும் உண்டு. ஓரத்தில் தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரி திரிப்பது போல உள்ளங்கையில் திரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் திரியாக நிற்கும். இலவம் என்றால் வழுக்கிக்கொண்டு பிரிந்து போகும், பட்டு மாதிரி லேசான மினுமினுப்பும் இருக்கும். அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, அதனால்தான் இலவம்பஞ்சில் நூல் நூற்பதில்லை, மெத்தைக்கும் தலையணைக்கும் மட்டும் போகிறது. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும்.

கல் மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள், அது வெயில் காணாததால்தான். ஆனால் தண்ணீரில் மட்டும் அலசிவிடாதீர்கள், கட்டி கட்டியாகப் போய்விடும், உள்ளே காயவே காயாது. தடியால் அடித்து நொறுக்கவும் கூடாது, இழை உடைந்து தூளாகும். அப்பா செய்வது இதுதான்: பழைய கொசுவலை ஒன்றை மாடியில் கட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மெத்தையைப் பிரிப்பார். வெளியே பிரித்தால் மத்தியானம் கடல் காற்று கிளம்பினதும் பஞ்சு தெரு முழுக்கப் பறக்கும், அக்கம்பக்கம் துணி காயப்போட்டவர்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கைக்கு ஒரு பிடி எடுத்து, விரலால் இழுத்து இழுத்து உதிர்க்க வேண்டும். மிளகு மாதிரி கறுப்பு விதை வரும், அதைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், எலி அதற்குத்தான் வருகிறது. பிறகு அதே கொசுவலையை மூட்டையாகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டு, நடுநடுவே புரட்டிவிட்டால் மூட்டை உப்பி நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். மூக்கில் ஈரத்துண்டு கட்டாமல் இதைச் செய்யாதீர்கள், வீசிங் இருக்கிறவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

எங்கள் வீட்டு ஒற்றை மெத்தை ஒன்றைப் பிரித்து எடை போட்டதில் தூசி, விதை எல்லாம் போக பதினோரு கிலோ தேறியது. தலையணைக்கு ஒன்றேகால் கிலோ போட்டால் எட்டு தலையணை. கிழிந்த மேல்துணியைத் தூக்கி எறியாதீர்கள், கோடு போட்ட அந்தத் துணி நெருக்கமான நெசவு, பஞ்சு வெளியே வராது. (எங்கள் தாத்தாவின் பட்டாபட்டி டிராயரும் அதே துணிதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) நல்ல பகுதியை மட்டும் வெட்டி, துவைத்து, தலையணை உறையாகத் தைக்கலாம், மிச்சத்தில் காய்கறிப் பை.

ஒன்று மறந்துவிட்டேன். இந்தப் பஞ்சு தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். பிரிக்கிற இடத்தில் பீடி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள்.

பெரம்பூர் மொட்டைமாடி

நார் மெத்தையும் ஸ்பிரிங்கும் மாடித் தோட்டக்காரர்களுக்குத்தான் லாபம்.

நார் மெத்தை என்பது தேங்காய் நாரை முறுக்கிவிட்டு மேலே ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. பல மெத்தைகளில் மேலே ஒரு விரற்கடை ஃபோமும் ஒட்டியிருப்பார்கள், அதை முதலில் உரித்துவிடுங்கள். பிறகு ஆக்சா பிளேடால் அறுங்கள், கத்தரிக்கோல் வேலைக்கு ஆகாது, எனக்குக் கட்டைவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். வட்டமாக வெட்டித் தொட்டியின் அடியில் போட்டால் தண்ணீர் இறங்கும், மண் ஓட்டை வழியாக ஓடாது. எங்கள் மாடியில் தளத்தில் செம்மண் கறை விழுகிறது என்று வீட்டு ஓனர் போடும் சத்தம் இதற்குப் பிறகுதான் நின்றது. நீள வாக்கில் வெட்டி ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பில் சுற்றி நைலான் கயிற்றால் கட்டினால் மணி பிளான்ட்டுக்கு ஏறுகொம்பு. கடையில் விற்கும் நார்க்குச்சியை விட ரொம்ப நாள் வருகிறது, காரணம் அந்த ரப்பர்தான், சீக்கிரம் மக்காது. அதனாலேயே இதை உரக்குழியில் போடாதீர்கள். சித்திரை வெயிலுக்குத் தொட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் போடலாம். ஒரே தொல்லை, அணில். கூடு கட்ட நாரைப் பிய்த்து வாயில் கவ்விக்கொண்டு ஓடும், ஓரமெல்லாம் கிழிந்து கிடக்கும். நான் விட்டுவிட்டேன், எடுத்துக்கொள்ளட்டும்.

ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு வகை. கம்பியோடு கம்பி பின்னி ஒரே சட்டமாக இருந்தால் அதிர்ஷ்டம். துணியை உரித்துவிட்டுச் சுவரில் சாய்த்துக் கட்டுங்கள், அவரை, கோவை, பாகல் எல்லாம் பந்தல் கேட்காமல் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பைக்குள் இருந்தால் மட்டும் கவனம், உள்ளே அமுக்கித்தான் வைத்திருப்பார்கள், பையை அறுத்ததும் துள்ளும், கண்ணாடி போட்டுக்கொண்டு அறுங்கள். உங்கள் ஏரியா உப்புக் காற்றில் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். ஆன்டி கரோசிவ் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் கொஞ்ச நாள் கூட வரும். அதற்கப்புறம் காயலாங்கடைதான். துருக் கம்பி கிழித்தால் டி.டி. ஊசி போட்டுவிடுங்கள், அலட்சியம் வேண்டாம்.

சும்மா ஒரு யோசனை

ஃபோமையும் நாரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் பரப்பினால் வீட்டுக்குள் சூடு இறங்காதே? எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் போட்டிருக்கிறார்.

பெரம்பூர் மொட்டைமாடி

தம்பி, தயவுசெய்து வேண்டாம். ஒரு மழை பெய்தால் அத்தனையும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனத்துக்கொண்டு கிடக்கும், ஆஸ்பெஸ்டாஸ் அந்த பாரத்தைத் தாங்குமா? அடியில் கொசு வேறு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபோமை வெயிலில் போட்டாலே ஒரு வருஷத்துக்குள் மஞ்சளாகி மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும், அந்தத் தூள் எல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். கூரைக்கு வெள்ளை அடியுங்கள், செலவு கம்மி.

காசிமேட்டான்

இலவம்பஞ்சுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, இங்கே யாரும் சொல்லவில்லை. அது தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைக் குடிக்கும். இழை மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு, உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். முன்காலத்தில் உயிர்காக்கும் சட்டைக்குள்ளேயே இந்தப் பஞ்சைத்தான் அடைப்பார்களாம், மிதக்கும் என்பதால்.

எங்கள் லாஞ்சில் எஞ்சினுக்குக் கீழே எப்போதும் தண்ணீரும் ஆயிலும் கலந்து தேங்கும். மாமா கிழிந்த வலைத் துண்டில் ஒரு பிடி பழைய பஞ்சை அடைத்து, தேங்காய் அளவுக்கு உருண்டையாகக் கட்டி அதில் மிதக்க விடுவார். அரை மணி நேரத்தில் உருண்டை கறுத்துவிடும், எடுத்துத் தகர டப்பாவில் பிழிந்தால் வருவதில் பெரும்பாலும் ஆயில்தான், தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும். நாலைந்து தடவை பிழிந்து மறுபடி போடலாம். உங்களுக்கு லாஞ்ச் இல்லை, சரி, ஆனால் பைக் ஆயில் மாற்றும்போது தரையில் கொட்டினால் துணியை விட இது வேகமாக உறிஞ்சும். எண்ணெய் குடித்த பஞ்சை வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோது எங்கள் ஆட்கள் மக்கையும் பக்கெட்டையும் வைத்துக்கொண்டுதான் அள்ளினார்கள். எர்ணாவூரில் அத்தை வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கறுப்புக் கோடு இன்னமும் தெரிகிறது. அப்போது தெருவோரம் வெளியே போட்ட பஞ்சு மெத்தைகளைப் பார்த்து மாமாதான் சொன்னார், இதையெல்லாம் நனைவதற்கு முன்னால் பிரித்திருந்தால் வேலைக்கு ஆகியிருக்கும் என்று. அந்தச் சமயத்தில் யாருக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளத்திலோ சாக்கடைத் தண்ணீரிலோ நனைந்த மெத்தை என்றால் எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்துவிட்டதே என்று பார்க்க வேண்டாம், உள்ளே பூசணம் இருக்கும்.

கொடுங்கையூர்க்காரன்

உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஃபோமைக் கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும், அது விஷம், நாற்றத்தோடு போகிற விஷயம் இல்லை. 2018 போகி அன்று புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன, ஞாபகம் இருக்கும். வருஷம் பூராவும் குப்பைமேட்டுப் புகையை வாங்குகிற ஏரியாக்காரன் சொல்கிறேன், பண்டிகைக்காவது விட்டுவையுங்கள்.

ஃபோமில் ஒரு சூட்சுமம்: நடுப்பகுதிதான் செத்திருக்கும். யாரும் படுக்காத தலைமாட்டு ஓரம், கால்மாட்டு ஓரம் இரண்டையும் அமுக்கிப் பாருங்கள், புதுசு மாதிரி எழும்பும். அதை மட்டும் நீள பிளேடு கட்டரால், அழுத்தாமல், ஒரே பக்கமாக இழுத்து இழுத்து வெட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மெத்தை, பாத்திரம் கழுவ உட்காருகிற மணைக்கு மெத்தை, தரை துடைக்கும்போது முட்டிக்குக் கீழே ஒரு துண்டு. மிக்சிக்கு அடியில் வைக்காதீர்கள், காற்றோட்டம் அடைபட்டு மோட்டார் சூடாகும்.

தேறாததை மாநகராட்சியே சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து எடுக்கிறது, பழைய சோபா, மெத்தை எல்லாம். 1913க்குப் பேசி முன்கூட்டியே பதிவு பண்ண வேண்டும். வாசலில் போட்டுவிட்டு வருவார்கள் என்று இலவு காத்த கிளியாக இருக்காதீர்கள்.

அப்புறம், அந்த அனாதை மெத்தை. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே உள்ளே எடுத்தீர்கள்? தையல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் அது அதன் எச்சம். ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாடி வெயில் மேலே சுடும், நடுவில் சுடாது, நடுப்பகுதி 50 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். எனவே துணியை மாடியிலேயே உரித்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்புங்கள்.

வண்ணைக்காரி

எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் புள்ளி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்ததிலிருந்து உடம்பெல்லாம் அரிக்கிறது. துணியை மாடியிலேயே உரித்துக் கட்டியாயிற்று, கம்பிச் சட்டத்தில் வெந்நீர் ஊற்றிச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன், அவரை விதை ஊறுகிறது. ஃபோமில் ஸ்டூலுக்கு இரண்டு வெட்டினேன், மிச்சத்துக்கு 1913இல் பதிந்தேன்.

இலவம்பஞ்சு ஒரு மெத்தை பிரித்தாயிற்று. திரித்துப் பார்த்தேன், திரி நிற்கவே இல்லை. கொசுவலைக்குள் ஆயாவும் வந்து உட்கார்ந்துகொண்டது, துண்டு கட்டிக்கொள் என்றால் கேட்கவில்லை, முடியே வெள்ளை, அதன் மேல் பஞ்சு, எது எதுவென்று தெரியவில்லை. விதை பொறுக்குவதில் என்னை விட வேகம். இரண்டு நாள் வெயிலுக்கு மூட்டை நிஜமாகவே இரண்டு மடங்கு ஆகிவிட்டது, படிக்கட்டில் இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்காரர்தான் தூக்கி வந்தார், ஆயா இப்போது அவரிடம் பேசுகிறது.

ஒரு சந்தேகம். தலையணை வாயை மெஷினில் தைக்க முடியவில்லை, துணி தடிமன், ஊசி இரண்டு உடைந்தது. கையால் தைக்க என்ன ஊசி?

மெத்தைக்கடைப் பையன்

கோணி ஊசி அக்கா. பக்கத்து அரிசிக் கடையில் கேளுங்கள், மூட்டை தைக்க வைத்திருப்பார்கள். நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கோர்த்தால் சிக்காது.